கை கண்ட கனசதுரம்

அயர்லாந்தின் டப்ளின் நகரில் வாழ்ந்த வில்லியம் மாலினியூ 1688-ஆம் ஆண்டு தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் இருக்கிறார். ஓர் உருண்டையையும் ஒரு கனசதுரத்தையும் கையில் கொடுத்தால் தடவிப் பார்த்தே இது இன்னது என்று சொல்லிவிடுவார். வளர்ந்தபின் அவருக்குப் பார்வை கிடைக்கிறது. அதே இரண்டு பொருள்களையும் மேசைமேல் வைத்து, தொடக்கூடாது என்று சொல்லி, எது உருண்டை எது கனசதுரம் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியுமா? மாலினியூவின் மனைவி லூசி, திருமணமான கொஞ்ச காலத்திலேயே பார்வையை இழந்தவர். அந்த வீட்டில் இது வெறும் தத்துவக் கேள்வியாக இருந்திருக்காது.

முடியாது என்பதுதான் மாலினியூவின் எண்ணம். லாக்கும் அதையே ஏற்றார். 1694-இல் வந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் கேள்வியையும் சேர்த்து அச்சிட்டார். அதன்பின் மூன்று நூற்றாண்டுகள் ஐரோப்பாவின் அறிஞர்கள் இதைப் பற்றி வாதாடினார்கள். விடை கிடைத்தது இந்தியக் குழந்தைகளிடமிருந்து. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றும் பவன் சின்ஹா தொடங்கிய 'பிரகாஷ்' திட்டம், பிறவிக் கண்புரை போன்ற குறைகளால் பார்வையின்றி வளர்ந்த குழந்தைகளுக்கு டெல்லியில் அறுவை சிகிச்சை செய்ய ஏற்பாடு செய்கிறது. அப்படிப் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐந்து பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2011-இல் வெளியானது. கட்டைகளை அடுக்கியது போன்ற வடிவங்கள் அவர்களுக்குத் தரப்பட்டன. தொட்டறிந்ததை மறுபடி தொட்டு அடையாளம் காண்பதில் தடுமாற்றம் இல்லை. பார்த்ததை மறுபடி பார்த்து அடையாளம் காண்பதிலும் பெரும்பாலும் சரி. ஆனால் தொட்டறிந்த வடிவத்தைப் பார்வையால் கண்டுபிடி என்றபோது, கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் எவ்வளவு சரியாக வருமோ, ஏறக்குறைய அவ்வளவே வந்தது.

ஆச்சரியம் அதற்கு அடுத்தது. சில நாள்களுக்குள், யாரும் பயிற்சி தராமலே, அந்தக் குழந்தைகளின் கையும் கண்ணும் ஒன்றையொன்று அறிந்துகொண்டன. மறுபடி சோதித்தபோது தொட்டதைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். சாதாரணமாக வளரும் குழந்தைக்கு இந்த அறிமுகம் தொட்டிலிலேயே நடந்துவிடுவதால் நாம் கவனிப்பதில்லை. கிலுகிலுப்பையை வாயில் வைத்துச் சப்பி, கீழே போட்டு, உருண்டால் பின்னாலேயே தவழ்ந்து போகும் குழந்தை செய்வது முதல் வடிவியல் பாடம்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கனவடிவங்களைக் கற்பிக்கும்போது நாம் வழக்கமாகத் தொடங்குவது படத்திலிருந்து. கரும்பலகையில் ஒரு சதுரம். சற்று மேலே தள்ளி இன்னொன்று. மூலைகளை இணைத்துக் கோடுகள். 'இதுதான் கனசதுரம்' என்கிறோம். அந்தப் படத்தைக் குழந்தையின் கண்ணால் பார்க்க வேண்டும். ஆறு முகங்களும் சதுரமாக உள்ள பொருள் என்று சொல்கிறோம். பின்பக்கக் கோடுகளை விட்டு வரைந்தால் படத்தில் தெரிவதோ மூன்று முகங்கள், அவற்றிலும் ஒன்றுதான் சதுரம், மற்ற இரண்டும் சாய்ந்த இணைகரங்கள். பன்னிரண்டு விளிம்புகளில் ஒன்பது தெரியும், எட்டு முனைகளில் ஏழு தெரியும். கனசதுரத்தை ஏற்கெனவே அறிந்தவருக்கு இந்தப் படம் அதை நினைவூட்டும். அறியாதவருக்கு அது கோடுகளின் சிக்கல் மட்டுமே.

சிறு குழந்தையிடம் ஒரு பெட்டியைக் கொடுத்து வரையச் சொன்னால் ஒரே ஒரு சதுரத்தை வரைந்து நிறுத்தும். இன்னும் கொஞ்சம் வளர்ந்த குழந்தை நாலைந்து சதுரங்களை ஒட்டி ஒட்டி வரையும். தாளில் அது பெட்டிபோலவே இருக்காது. 'தப்பு' என்று அடித்துவிடுவது எளிது. ஆனால் அந்தக் குழந்தை தன் கைக்குத் தெரிந்த உண்மையை, எல்லா முகமும் சதுரம் என்ற உண்மையை, விட்டுக்கொடுக்க மறுக்கிறது. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் குழந்தையின் இடவுணர்வைப் பற்றி 1948-இல் எழுதிய நூலில் இதைத்தான் அழுத்திச் சொன்னார்கள்: இடத்தைப் பற்றிய அறிவு கண்ணால் பிடித்த நகல் அல்ல, பொருள்மீது கை செய்த செயல்கள் மனத்துக்குள் போய்ப் படிந்ததே அது. 1971-இல் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் செய்த சோதனை இன்னொரு பக்கத்திலிருந்து அங்கேயே வந்து சேர்கிறது. பத்துக் கனசதுரங்களை ஒட்டிய வடிவங்களின் படங்களை இரண்டிரண்டாகக் காட்டி, இரண்டும் ஒன்றா என்று கேட்டார்கள். ஒன்று மற்றதிலிருந்து எவ்வளவு பாகை திரும்பியிருந்ததோ அதற்கேற்ப விடை சொல்லும் நேரமும் நீண்டது; நொடிக்கு ஏறக்குறைய 60 பாகை வேகத்தில் மனம் அந்த வடிவத்தைத் திருப்பிப் பார்த்ததாகக் கணக்கு வந்தது. மனத்துக்குள் நாம் பொருள்களைத் திருப்புவது கையால் திருப்புவதைப் போலத்தான், படிப்படியாக, இடையில் உள்ள கோணங்களை எல்லாம் கடந்து.

கையிலிருந்து தொடங்குவது என்பதைக் கல்விமுறையாகவே ஆக்கியவர் ஜெர்மனியின் பிரெடரிக் ஃப்ரோபெல். 1782-இல் பிறந்து, ஒரு வயது நிறையுமுன்பே தாயை இழந்தவர். மழலைப் பள்ளியை அவர் தொடங்கியது 55-ஆம் வயதில். அதற்கு முன்பு அவர் செய்த வேலைகளில் ஒன்று என்னை மிகவும் கவர்கிறது. 1814 முதல் இரண்டு ஆண்டுகள் பெர்லினில், படிகவியலின் முன்னோடியான கிறிஸ்டியன் சாமுவேல் வைஸிடம் உதவியாளராக இருந்தார். கனிமக் காட்சியகத்தின் படிகங்களை எடுத்துத் துடைத்து வகைபிரிப்பது வேலை. கல்லுக்குள் இவ்வளவு ஒழுங்கான முகங்களும் விளிம்புகளும் எப்படி வந்தன என்ற வியப்பு அவரை விட்டுப் போகவேயில்லை. உள்ளிருக்கும் ஓர் ஒழுங்கு வெளியே வடிவமாக மலர்கிறது என்று அவர் நம்பினார். குழந்தை வளர்வதையும் அப்படியே கண்டார்.

அவர் பார்த்ததை நம் சமையலறையிலேயே பார்க்கலாம். தூள் உப்பைக் கருப்புத் தாளில் தூவிப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பல துகள்கள் சின்னஞ்சிறு கனசதுரங்களாக இருக்கும். யாரும் செதுக்கவில்லை. சோடியமும் குளோரினும் மின்னூட்டம் பெற்ற அணுக்களாக மேலும் கீழும், இடமும் வலமும், முன்னும் பின்னும் மாறி மாறி அமர்ந்து அடுக்கிக்கொண்டே போவதால் வந்த வடிவம் அது. கொஞ்சம் உப்புநீரைத் தட்டில் ஊற்றி, அசையாத இடத்தில் சில நாள் வற்றவிட்டால், சதுர முகங்கள் வளர்வதைக் குழந்தையே பார்க்கலாம். தூத்துக்குடியின் உப்பளங்களில் பாத்தி பாத்தியாக நடப்பதும் இதே அடுக்கும் வேலைதான்.

1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் ஃப்ரோபெல் தம் முயற்சியைத் தொடங்கினார். குழந்தைகளுக்கு அவர் தந்த விளையாட்டுப் பொருள்களுக்குப் 'பரிசுகள்' என்று பெயரிட்டார். முதல் பரிசு கம்பளி நூலால் பின்னிய ஆறு வண்ணப் பந்துகள். இரண்டாவது, மரத்தால் ஆன ஒரு கோளம், ஒரு கனசதுரம், இவற்றுக்கு நடுவே ஓர் உருளை. கோளம் எப்படி வைத்தாலும் உருளும். கனசதுரம் எப்படி வைத்தாலும் நிற்கும். உருளை இரண்டையும் செய்யும். படுக்கப்போட்டால் உருளும், நிமிர்த்தினால் நிற்கும். மூன்றையும் வரிசையாக வைத்து விளையாடும் குழந்தைக்கு 'வளைபரப்பு', 'தளம்' என்ற சொற்கள் தேவையில்லை. சொல் வரும்போது அதற்கான பொருள் கையில் தயாராக இருக்கும்.

அந்த மரத்துண்டுகளில் கயிறு கட்டத் துளைகளும் வளையங்களும் இருந்தன. கனசதுரத்தை ஒரு முகத்தின் நடுவிலிருந்து தொங்கவிட்டுக் கயிற்றை முறுக்கிவிட்டால் அது வேகமாகச் சுழலும். சுழலும்போது கண்ணுக்கு உருளை தெரியும். அதையே ஒரு முனையிலிருந்து தொங்கவிட்டுச் சுழற்றினால் மேலும் கீழும் கூம்புகள் தோன்றும், நடுப்பகுதி உடுக்கையின் இடுப்பைப்போல உள்வாங்கிக் காட்டும். அந்தக் கனசதுரத்தில் வளைவு என்று ஒன்றுகூட இல்லை. நேரான விளிம்புகள் சாய்வாகச் சுற்றியே அந்த வளைவை வரைகின்றன. அனல்மின் நிலையங்களில் நடுவில் ஒடுங்கி நிற்கும் பெரிய குளிர்விப்புக் கோபுரங்களின் வடிவமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நேர்கோடுகளாலேயே அமையக்கூடிய வளைபரப்பு. ஒரு மரக்கட்டையும் நூலும் இருந்தால் இதை வீட்டில் செய்துபார்க்கலாம். சுழல்வது நின்றதும் கனசதுரம் திரும்பி வருவதைப் பார்க்கும் குழந்தையின் முகம் பார்க்க வேண்டிய ஒன்று.

மூன்றாவது பரிசு இரண்டு அங்குலக் கனசதுரம். அது ஓர் அங்குல அளவுள்ள எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும். பக்கம் இரு மடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்காகும் என்ற செய்தி இதில் அடங்கியிருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. பெரிய கட்டையின் மேற்பரப்பு 24 சதுர அங்குலம். பிரித்துப்போட்ட எட்டுத் துண்டுகளின் மேற்பரப்பு மொத்தம் 48. பொருள் அதே அளவு, தோல் இரண்டு மடங்கு. கல் உப்பைவிடத் தூள் உப்பு ஏன் சீக்கிரம் கரைகிறது என்று கேட்டுப் பாருங்கள். கட்டைகளைப் பிரித்து விளையாடிய குழந்தை விடைக்கு வெகு அருகில் நிற்கும்.

பிரஷ்ய அரசு 1851-இல் ஃப்ரோபெலின் பள்ளிகளைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். ஷ்வைனா என்ற ஊரிலுள்ள அவருடைய கல்லறைமேல் கனசதுரமும் அதன்மேல் உருளையும் அதற்கும்மேல் கோளமும் கல்லில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. தடை பின்பு நீங்கியது; பரிசுகள் அதற்குள் கடல்தாண்டிப் போயிருந்தன. 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் அவற்றைப் பார்த்த ஒரு தாய் தம் ஒன்பது வயது மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்த மகன் பிற்காலத்தில் கட்டடக்கலைஞராகப் புகழ்பெற்ற பிராங்க் லாயிட் ரைட். அந்த மரக்கட்டைகள் தம் விரல்களில் தங்கிவிட்டதாக முதுமையிலும் அவர் நினைவுகூர்ந்தார்.

சென்னைக்கும் அந்தப் பரிசுகள் வந்துசேர்ந்தன. டி. சுந்தர ராவ் 1893-இல் சென்னையில் வெளியிட்ட காகித மடிப்பு வடிவியல் நூலுக்குத் தூண்டுகோல், ஃப்ரோபெலின் பரிசுகளில் ஒன்றான காகித மடிப்பு. கவராயமோ அளவுகோலோ இல்லாமல், ஒரு சதுரத் தாளை மடித்து மடித்தே அறுகோணம், எண்கோணம், கூம்பு வளைவுகள் வரை போய்விடுகிறார். ஜெர்மானியக் கணிதமேதை பீலிக்ஸ் கிளைன் அதைத் தம் நூலில் குறிப்பிட்டார். 1901-இல் சிகாகோவில் அதற்கு ஒரு பதிப்பும் வந்தது. கையால் கற்கும் இந்த வழியோடு சென்னைக்கு இன்னோர் உறவும் உண்டு. 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்த மரியா மாண்டிசோரி, உலகப்போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவில் தங்கினார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய பள்ளிகளில் நீலம் பூசிய கனவடிவங்கள் இருக்கும்: கோளம், முட்டை வடிவம், உருளை, கூம்பு, பிரமிடுகள், பட்டகங்கள். குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டு தடவி அடையாளம் சொல்ல வேண்டும். மாலினியூவின் கேள்வியைத் தலைகீழாக்கிய விளையாட்டு இது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைச் செய்ய நீல மரவடிவங்கள் வேண்டும் என்பதில்லை. ஒரு துணிப்பைக்குள் தீப்பெட்டி, எலுமிச்சை, பகடைக்காய், நூல்கண்டு, பம்பரம் என்று போட்டு, கையை மட்டும் உள்ளே விடச் சொல்லலாம். பெயரைச் சொல்ல வேண்டாம், வருணிக்கச் சொல்லுங்கள், மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். 'கூரா இருக்கு, ஆனா கிட்டப் போனா வளையுது' என்று ஒரு குழந்தை பம்பரத்தைப் பற்றிச் சொல்லுமானால், கூம்பைப் பற்றிய பாதி பாடம் முடிந்துவிட்டது.

ஊறவைத்த கொண்டைக்கடலையும் பல்குத்தும் குச்சிகளும் இருந்தால் இன்னும் ஆழமாகப் போகலாம். குச்சிதான் விளிம்பு, கடலைதான் முனை. பட்டாணியும் குச்சியும் கொண்டு செய்யும் இந்த வேலையும் ஃப்ரோபெலின் திட்டத்தில் உண்டு. பன்னிரண்டு குச்சிகளால் கனசதுரம் செய்தால் அது தள்ளாடும், ஒரு பக்கம் சாய்ந்து படுத்துவிடும். ஆறு குச்சிகளால், நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நான்முகி செய்தால் அசையாது. அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் புல்லர் சிறுவயதில் இதைக் கண்டுபிடித்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். அவருக்குப் பார்வை மிகவும் மங்கல்; கண்ணாடி போடுவதற்கு முந்தைய காலம். மழலைப் பள்ளியில் மற்றக் குழந்தைகள் தாங்கள் பார்த்த வீடுகளைப்போலச் சதுரம் சதுரமாகக் கட்டினார்கள். வீடுகளைத் தெளிவாகப் பார்த்திராத அவர், எது கையில் இறுகி நிற்கிறது என்று தடவிப் பார்த்து முக்கோணங்களாகவே கட்டிக்கொண்டு போனார். நான்முகிகளும், எட்டு முக்கோண முகங்கள் கொண்ட எண்முகிகளும் கோத்த அந்தச் சட்டகத்துக்குப் பல்லாண்டுகளுக்குப்பின் காப்புரிமையும் பெற்றார்.

கனசதுரம் ஏன் சாய்கிறது? கணக்குப் போட்டுவிடலாம். ஒவ்வொரு கடலையும் தனியாக இருந்தால் மூன்று விதமாக நகரலாம்: இடம் வலம், மேல் கீழ், முன் பின். எட்டுக் கடலைக்கு 24 அசைவுகள். முழுப் பொருளையும் தூக்கி நகர்த்துவதும் திருப்புவதுமாக ஆறு அசைவுகள் எப்போதும் இருக்கும். அவற்றைக் கழித்தால் 18. ஒரு குச்சி ஓர் அசைவைத் தடுக்கும். ஆக 18 குச்சிகள் வேண்டிய இடத்தில் 12 மட்டுமே இருக்கின்றன. ஆறு குறைகிறது; கனசதுரத்துக்கு முகங்களும் ஆறு. முகத்துக்கு ஒன்றாகக் குறுக்கே குச்சி வைத்தால் இறுகிவிடுகிறது. நான்முகிக்கு நான்கு கடலை: 12-இல் 6 போக 6 குச்சி, சரியாக இருக்கிறது. எண்முகிக்கு ஆறு கடலை: 18-இல் 6 போக 12, அதுவும் சரி. குறுக்குக் குச்சிகளை எதிரெதிர் முகங்களில் திசை மாற்றி வைத்துப் பார்த்தால் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. ஆறும் ஒன்றோடொன்று சேர்ந்து, கனசதுரத்துக்குள்ளேயே ஒரு சீரான நான்முகியை உருவாக்கிவிடும். அதன் கொள்ளளவு கனசதுரத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கு.

கடலை இல்லாவிட்டால் தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும் போதும். அரவிந்த் குப்தா இந்த வழியை இந்தியா முழுதும் பரப்பினார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளரான அவர், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் பணியாற்றியபோது உருவாக்கிய முறை இது. டியூபைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் குச்சிகளை இணைத்தால் மூட்டுகள் வளையும், ஆனால் கழன்றுபோகாது. காசு அதிகம் இல்லாத பள்ளியிலும் ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ஒரு நான்முகி இருக்கலாம் என்பதை அவர் செய்துகாட்டினார். எனக்கு அவர்மேல் உள்ள மதிப்பு இந்தக் கடைசி வரியால்தான்.

எலும்புக்கூட்டை விட்டுத் தோலுக்கு வருவோம். பற்பசை டப்பா, மருந்து டப்பா எதையாவது எடுத்து விளிம்புகளில் வெட்டி ஒரே தாளாக விரிக்கச் சொல்லுங்கள். பாடநூலில் அச்சிட்ட வலையை, அதாவது விரித்த படத்தை, வெட்டி ஒட்டுவதைவிட, நிஜப் பெட்டியை அவிழ்ப்பதில் கண்டறிதல் அதிகம். பெட்டியை விரித்துத் தட்டையாகக் காட்டும் பழக்கத்தை அச்சுக்குக் கொண்டுவந்தவர் ஓர் ஓவியர், ஆல்பிரெக்ட் டியூரர். நியூரம்பர்க் நகரத்தவர். 1525-இல் வெளியிட்ட அளவை நூலில் பல கனவடிவங்களை இப்படி விரித்துக் காட்டினார். வாசகர் தாளில் வரைந்து மடித்துக்கொள்ளட்டும் என்று.

கனசதுரத்தை எப்படி எப்படியெல்லாம் விரிக்கலாம்? ஆறு சதுரங்களை விளிம்போடு விளிம்பாக ஒட்டி அமைக்கக்கூடிய வடிவங்கள் 35. அவற்றில் 11 மட்டுமே கனசதுரமாக மடியும். அந்தப் பதினொன்றையும் தேடிக் கண்டுபிடிப்பது பத்து வயதுக்காரர்களுக்கு ஒரு வாரம் ஓடும் வேட்டை. தேடும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: எந்த வழியில் விரித்தாலும் வெட்டிய விளிம்புகள் ஏழுதான். ஆறு சதுரங்கள் பிரியாமல் ஒரே துண்டாக இருக்க ஐந்து மடிப்புகள் வேண்டும். 12-இல் 5 போனால் 7. இப்போது வெட்டின் பக்கத்திலிருந்து பாருங்கள். கத்தரி எல்லா முனைகளுக்கும் போயாக வேண்டும். ஒரு முனையை விட்டுவிட்டால் அந்த இடம் தட்டையாகப் படியாது, குவிந்தே நிற்கும். வெட்டு வளையமாகவும் சுற்றிவரக் கூடாது. வந்தால் ஒரு துண்டு கழன்று விழுந்துவிடும். வளையம் இல்லாமல் எட்டு முனைகளை இணைக்க ஏழு கோடுகள். ஆக, மடிப்புகள் முகங்களைவிட ஒன்று குறைவு, வெட்டுகள் முனைகளைவிட ஒன்று குறைவு, இரண்டும் சேர்ந்தால் விளிம்புகள். முகங்களையும் முனைகளையும் கூட்டி விளிம்புகளைக் கழித்தால் எப்போதும் 2 என்று கணிதமேதை லெயோனார்ட் ஆய்லர் 1750-இல் தம் நண்பர் கோல்ட்பாக்குக்குக் கடிதத்தில் எழுதிய விதி இதுவே. பள்ளியில் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யும் அந்த விதிக்கு ஒரு கத்தரிக்கோல் நிரூபணம் தந்துவிடுகிறது. வெட்டாமல் விட்ட முனை ஏன் குவிந்து நிற்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. தட்டையான தாளில் ஒரு புள்ளியைச் சுற்றி 360 பாகை. கனசதுரத்தின் முனையில் மூன்று செங்கோணங்கள், 270 மட்டும். குறைவு 90. எட்டு முனைகளின் குறைவையும் கூட்டினால் 720. நான்முகிக்கு முனைக்கு 180 குறைவு, நான்கு முனைகள், மீண்டும் 720. எண்முகிக்கு 120 வீதம் ஆறு, 720. குழிவில்லாத எந்தப் பெட்டியானாலும், கோணல்மாணலாக இருந்தாலும், கூட்டுத்தொகை மாறாது. இதைக் கண்டவர் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே டேக்கார்ட். 1650-இல் அவர் ஸ்டாக்ஹோமில் இறந்தபின் அவருடைய காகிதங்கள் பாரிஸுக்கு வரும்போது சேன் நதியில் மூழ்கின. மூன்று நாள் கழித்து எடுத்து உலர்த்தினார்கள். 1676-இல் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் அவற்றில் இருந்த இந்தக் குறிப்பை நகலெடுத்துக்கொண்டார். மூலம் பிறகு தொலைந்துபோனது. நகல் 1860 வாக்கில்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

டியூரரின் வேலையில் ஒரு முடிச்சு இன்றுவரை அவிழவில்லை. குழிவு இல்லாத, தட்டை முகங்கள் கொண்ட எந்தக் கனவடிவத்தையும் விளிம்புகளில் மட்டும் வெட்டி, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒரே தாளாக விரித்துவிட முடியுமா? முடியும் என்று நிரூபித்தவரும் இல்லை, முடியாத ஒரு வடிவத்தைக் காட்டியவரும் இல்லை. கேள்வியைப் புரிந்துகொள்ள ஆறாம் வகுப்புப் படிப்பு போதும். அதைக் குழந்தைகளிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. கணிதம் முழுதும் யாரோ எப்போதோ முடித்துவிட்டது என்ற எண்ணம் அதிலேயே உடையும்.

கத்தி வேண்டாத ஒரு வெட்டும் உண்டு. மிட்டாய், பரிசுப்பொருள் வரும் ஒளிபுகும் பிளாஸ்டிக் கனசதுரப் பெட்டி கிடைத்தால், அதில் வண்ணம் கலந்த தண்ணீரை ஊற்றி நன்றாக மூடிச் சாய்த்துப் பாருங்கள். நீரின் மேற்பரப்புதான் வெட்டுமுகம். நேராக வைத்தால் சதுரம். விளிம்பில் நிறுத்தினால் செவ்வகம். ஒரே முனையில் நிறுத்தினால், தண்ணீர் கொஞ்சமாக இருக்கும்போது முக்கோணம். பெட்டி சரியாகப் பாதி நிறைந்திருந்தால் பிசகில்லாத ஒழுங்கு அறுகோணம். எல்லா முகமும் நாற்கோணமான பொருளுக்குள் அறுகோணம் எங்கிருந்து வந்தது என்று பெரியவர்களே பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால் மறுபடி முக்கோணம், ஆனால் தலைகீழாக.

இந்த வெட்டுமுக விளையாட்டு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அலிசியா பூல் ஸ்டாட் சாட்சி. 1860-இல் பிறந்தவர். தருக்க இயற்கணிதத்தைத் தந்த ஜார்ஜ் பூலின் மகள். நான்கு வயதில் தந்தையை இழந்தார். தாய் மேரி எவரெஸ்ட் பூல், இந்திய நில அளவைத் தலைவராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்டின் சகோதரர் மகள். குழந்தைகள் வடிவியலைக் கையால் கற்க வேண்டும் என்று எழுதியவர். அலிசியா பல்கலைக்கழகம் போகவில்லை. அவர் இளம்பெண்ணாக இருந்தபோது சார்லஸ் ஹிண்டன் என்ற கணித ஆசிரியர் அந்த வீட்டுக்குச் சிறு மரக்கனசதுரங்களைக் கொண்டுவந்து, அவற்றை அடுக்கியே நான்காவது பரிமாணத்தைக் கற்பனை செய்யப் பழக்கினார். மற்றச் சகோதரிகளுக்கு அது புதிராகவே நின்றது. அலிசியாவுக்கு வசப்பட்டது.

கனசதுரம் முனை முன்னாக நீர்ப்பரப்பைக் கடக்கும்போது முக்கோணம், அறுகோணம், முக்கோணம் என்று தெரிகிறது. அதேபோல நான்கு பரிமாணக் கனசதுரம் ஒன்று முனை முன்னாக நம் உலகத்தைக் கடந்தால் நமக்குத் தெரிவது தட்டை வடிவங்களாக இருக்காது, கனவடிவங்களாக இருக்கும். முதலில் ஒரு நான்முகி தோன்றி வளரும். அதன் முனைகள் வெட்டுப்படும். நடுவில் சீரான எண்முகி. பிறகு வந்த வழியே திரும்பித் தலைகீழ் நான்முகியாகிச் சுருங்கி மறையும். கடலையும் குச்சியும் கொண்டு குழந்தை செய்த அதே நான்முகி, அதே எண்முகி. அலிசியா, நான்கு பரிமாணத்தில் ஆறு ஒழுங்கு வடிவங்கள் உண்டு என்பதைத் தாமாகவே கண்டடைந்து, அவற்றின் வெட்டுமுகங்களை வரிசை வரிசையாக அட்டையில் வெட்டி, மடித்து, ஒட்டினார். மணமாகி இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்த வீட்டில், கணித உலகத்தோடு தொடர்பே இல்லாமல்.

நெதர்லாந்தின் கிரோனிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் ஸ்காவுட் அதே வெட்டுமுகங்களைச் சூத்திரங்கள் வழியாகக் கணக்கிட்டு வெளியிட்டிருந்தார். அலிசியா தம் அட்டை மாதிரிகளின் நிழற்படங்களை அவருக்கு அனுப்பினார். நடு வெட்டுமுகங்கள் இருவருக்கும் ஒன்றாகவே இருந்தன. வியந்துபோன ஸ்காவுட் இங்கிலாந்துக்கு வந்தார். இருவரும் நெடுங்காலம் சேர்ந்து உழைத்தார்கள். 1914-இல் கிரோனிங்கன் பல்கலைக்கழகம் அலிசியாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. ஸ்காவுட் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டிருந்தார். அலிசியாவும் அதன்பின் ஆய்வை விட்டுக் குடும்பத்தில் ஆழ்ந்தார். 1930-இல் அவருடைய சகோதரியின் மகன், இயற்பியலாளர் ஜெப்ரி டெய்லர், ஓர் இளைஞரை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தார். இருபதாம் நூற்றாண்டு வடிவியலின் பெரும்பெயராக வளரவிருந்த ஹெச். எஸ். எம். காக்ஸெட்டர் அவர், வயது 23. அலிசியாவுக்கு 70. தாம் கையால் செய்த மாதிரிகளை எடுத்துக்கொண்டு அலிசியா கேம்பிரிட்ஜுக்குப் போனார். இருவரும் புதிதாக வேலையைத் தொடங்கினார்கள்.